இரண்டாவது பிறந்தாச்சு, பெரியவள் யாரிடம் இருக்கட்டும்? தாய்வீட்டிலா, நம் வீட்டிலா?

ஷிஃப்ட்காரன்_காவேரிப்பட்டணம்:
எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்களுக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்தான், ஆபரேஷன். பெரியவளுக்கு இரண்டரை வயது. மனைவியும் குழந்தையும் பென்னாகரம் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள், மூன்றாம் மாதம் அழைத்து வருவதாகப் பேச்சு. பெரியவளை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் என் அம்மா. "பச்சை உடம்புக்காரி, ஒன்றைப் பார்ப்பாளா ரெண்டைப் பார்ப்பாளா" என்கிறார். பால் மறக்கடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, தம்பி குடிப்பதைப் பார்த்தால் மறுபடி கேட்பாள் என்பது இன்னொன்று. அந்த ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு, பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் கிடக்கிறது என்பது கடைசி. மனைவியோ பெரியவள் வரவில்லை என்றால் நானும் போகவில்லை என்று நிற்கிறாள். நான் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?

மாந்தோப்பு:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா சொல்வதுதான் சரி. எங்கள் வீட்டில் நான் தலைச்சன், எனக்குப் பின்னால் மூன்று பேர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அம்மா ஊத்தங்கரைக்குப் போவார், நான் பாட்டியோடு இருப்பேன். காலையில் ராகிக் கூழ், மத்தியானம் களி, சாயந்திரம் தாத்தாவோடு மாடு ஓட்டிக்கொண்டு வருவது என்று பொழுது போய்விடும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. இப்போதுதான் பிள்ளை அரை மணி நேரம் அழுதாலே ஏதோ நோய் மாதிரி பேசுகிறார்கள். பெரியவளுக்கு வீடு பழக்கம், பாட்டி பழக்கம், தெரு பழக்கம். எதற்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேரையும் பாடாய்ப் படுத்த வேண்டும்?

பர்கூர்க்காரி:
மாந்தோப்பு அண்ணா, ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், உங்கள் அம்மாவைக் கேட்டுப் பார்த்தீர்களா? என் மூத்தவனை இப்படித்தான் மாமியார் வீட்டில் விட்டுப் போகச் சொன்னார்கள், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், யார் கேட்டார்கள். திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்குகிறேன், பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவன் பாட்டியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். "யாரு வந்திருக்கா பாரு" என்று மாமியார் கேட்டதற்கு "பாப்பாவோட அம்மா" என்றான். அதற்கப்புறம் ரொம்ப நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாப்பாவின் தொடையைக் கிள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து உட்காருவான். தான் மட்டும் வெளியே நிற்கிறோம், அந்தக் குட்டிப்பிள்ளை அம்மாவோடு ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்றால் அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

மருமகள்_பாலக்கோடு:
நான் இதற்கு நேர் எதிர். இரண்டையும் என்னோடு வைத்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்தவள் நான், அதனால் சொல்கிறேன். சின்னவள் பால் குடிக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்துத்தான் பெரியவனுக்கு ஆய் வரும். தையல் காய்வதற்குள் வயிற்றின் மேல் வந்து தொம்மென்று விழுவான். அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அப்பா விடிவதற்குள் தக்காளி மண்டிக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். ஒரு நாள் பாத்ரூமிலிருந்து வருகிறேன், பெரியவன் தூளிக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு தான் சப்பிய கடலை மிட்டாயைப் பாப்பா வாய்க்குள் வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறான். அடிக்கவும் மனசு வரவில்லை, பாசத்தில்தானே கொடுக்கிறான். விரலை விட்டு எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைப் பிரிக்காதே பிரிக்காதே என்று போனில் சொன்னவர்கள் ஒருத்தராவது ராத்திரி இரண்டு மணிக்கு வந்து ஒரு பிள்ளையைத் தூக்கினார்களா? பாட்டி நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் விட்டுவிட்டுப் போகலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

டீக்கடை_பெஞ்ச்:
அம்மா என்ன சொல்கிறார், மனைவி என்ன சொல்கிறார் என்று எல்லாம் வந்தது. அப்பா என்ன செய்யப் போகிறார் என்று பதிவில் தேடித் தேடிப் பார்த்தேன். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதோடு முடிந்துவிட்டது. பெரியவள் இங்கே இருந்தால் பார்த்துக்கொள்ளப்போவது உங்கள் அம்மா, அங்கே போனால் உங்கள் மாமியார். நீங்கள் இரண்டு இடத்திலும் விருந்தாளி!

ஷிஃப்ட்காரன்_காவேரிப்பட்டணம்:
பெஞ்ச் அண்ணா, உங்களுக்கு எழுதுவது சுலபம். பிரசவத்துக்கே இருந்த லீவையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மத்திய அரசு வேலையில் இருக்கிற ஆண்களுக்கு 15 நாள் உண்டு, எங்களை மாதிரித் தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டத்தில் ஒரு நாள் கூடக் கிடையாது. பெண்களுக்கு 2017-ல் 26 வாரம் ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் அப்பாவுக்கும் வீட்டில் வேலை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லையே. லைனில் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் ராத்திரியே போன் போட்டுவிடுவார்.

டீக்கடை_பெஞ்ச்:
லீவு இல்லை, சரி. வார விடுமுறை இருக்கிறதா இல்லையா? பென்னாகரம் என்ன டெல்லியா? தர்மபுரி போய் மாறினால் அரை நாள் கூட ஆகாது. விடுமுறை நாள் முழுக்கப் பெரியவள் உங்கள் பொறுப்பு என்று ஆனால் அந்த ஒரு நாளாவது அவள் அம்மா தூங்குவாள். நான் கேட்டது அதைத்தான்.

நர்ஸ்_அரூர்:
கிராமத்துச் செவிலியராக இருப்பதால் சில விஷயம் மட்டும் சொல்கிறேன், சண்டையில் கலந்துகொள்ள வரவில்லை.

பால் கேட்பாள் என்ற பயம் தேவையில்லாதது. மறந்த பிள்ளை ஒருமுறை வாய் வைத்துப் பார்க்கும், பல பிள்ளைகளுக்கு உறிஞ்சவே மறந்திருக்கும், சிரித்துவிட்டுப் போய்விடும். குடித்தாலும் கெடுதல் இல்லை, ஆனால் முதலில் கைக்குழந்தை குடிக்க வேண்டும், அப்புறம்தான் பெரியது. பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், அம்மா பாதி நாள் உட்கார்ந்த இடத்தில்தான் இருப்பார். அந்த நேரத்தில் பெரியவள் பக்கத்தில் சாய்ந்துகொண்டு எதையாவது கொறிக்க ஒரு கிண்ணம் இருந்தால் பாதி அழுகை குறையும். கிண்ணத்தில் கடலை வேண்டாம், வாழைப்பழத் துண்டு போதும்.

ஆபரேஷன் ஆனவர் ஆறு வாரத்துக்குக் கைக்குழந்தையை விட கனமான எதையும் தூக்கக்கூடாது என்றுதான் சொல்கிறோம், பெரியவளும் அதில் அடக்கம். பிள்ளை தானாக மடியில் ஏறட்டும், வயிற்றின் மேல் ஒரு தலையணை இருக்கட்டும். ஆனால் குளிப்பாட்ட, கழுவிவிட, தூக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். பாலக்கோடு அக்கா சொன்னது அந்த வகையில் நூற்றுக்கு நூறு உண்மை. அந்த ஆள் இல்லாமல் இரண்டையும் அனுப்பாதீர்கள்.

தூளியைத் தரைக்குப் பக்கமாகக் கட்டுங்கள். பெரிய பிள்ளை தானே ஆட்டப்போகிறேன் என்று இழுக்கும், சேலைத் துணிக்குள் கழுத்தைவிட்டுச் சுற்றிக்கொள்ளவும் செய்யும். இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகவே கூடாது.

பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, நாக்கில் தேன் எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பார்கள், அதையும் கேட்காதீர்கள், பால் கொடுக்கிறவருக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும்.

மாந்தோப்பு:
நர்ஸம்மா, அங்கே போனால் அங்கன்வாடியில் விடலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும் என்பார்கள். சளியைப் பிடித்துக்கொண்டு வந்து பச்சைக் குழந்தைக்கு ஒட்டவைத்துவிட்டால்? பெரியது இங்கேயே இருந்தால் அந்தப் பயம் உண்டா?

நர்ஸ்_அரூர்:
சளி வரலாம், மறுக்கவில்லை. வெளியே போய் வந்ததும் கைகால் கழுவிவிடுங்கள், தம்பியின் முகத்தில் முத்தம் வேண்டாம், காலில் கொடு என்று பழக்குங்கள். வந்து பார்க்கிற சொந்தக்காரர்கள் இருமிக்கொண்டே குழந்தையை வாங்குகிறார்களே, அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் 100.4-க்கு வந்தால் சிரப் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெரியவளுக்கு வரும் சளியை அந்த மாதிரி பார்க்க வேண்டாம்.

பர்கூர்க்காரி:
தண்ணீர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? ஃப்ளோரைடு என்பது எங்கள் பக்கமும் உண்மைதான், கேலி செய்யமுடியாது. ஆனால் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடாதா?

நர்ஸ்_அரூர்:
காய்ச்சினால் கிருமி போகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, மிச்சத்தில் இன்னும் கூடத்தான் செய்யும். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதா என்று மாமியாரிடம் கேளுங்கள், குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் வைத்துக்கொண்டு போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க விட்டுவிடலாம். வராவிட்டால் ஆர்ஓ தண்ணீர் கேன் வாங்குங்கள். கைக்குழந்தைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, தாய் குடிக்கிற தண்ணீரிலிருந்து பாலுக்கு ஃப்ளோரைடு மிகக் கொஞ்சம்தான் போகும். பெரியவளுக்குத்தான் கவனம் வேண்டும், நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற வயது, அது எட்டு வயது வரைக்கும் நடக்கும்.

மாந்தோப்பு:
ஆக, அந்த ஊருக்குப் போனால் கேன் தண்ணீர் வாங்க வேண்டும், தூக்க ஆள் வேண்டும், தூளியை மாற்றிக் கட்ட வேண்டும். இங்கே இருந்தால் ஒன்றும் வேண்டாம். நீங்களே என் பக்கம்தான் பேசுகிறீர்கள்!

மருமகள்_பாலக்கோடு:
பேசாமல் பென்னாகரம் போகாமலே இருந்தால் என்ன? மாமியாரை இங்கே வரச் சொல்லலாமே. பெரியவளும் வீட்டில் இருப்பாள், அம்மாவும் இருப்பார், பாட்டி இரண்டு பேர்.

ஷிஃப்ட்காரன்_காவேரிப்பட்டணம்:
கேட்டுப் பார்த்தேன் அக்கா. அங்கே இரண்டு கறவை மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். மாமாவுக்கு மாடு ஓட்டத் தெரியும், கறக்க வராது. அத்தை வந்தால் கறப்பது யார் என்று அங்கேயே பேச்சு நின்றுவிட்டது.

பர்கூர்க்காரி:
மாடு இல்லாவிட்டாலும் அது சரிவராது. புருஷன் வீட்டில் பச்சை உடம்போடு மத்தியானம் படுத்துத் தூங்க முடியுமா? வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக விழும். தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கமே அவள் படுக்கட்டும் என்பதற்குத்தானே. கூட அவள் அம்மா வந்து உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டில் எப்படி நடமாடுவது என்று அவரும் ஒடுங்கிப்போவார்.

மருமகள்_பாலக்கோடு:
அதே வழக்கம் பெரியவனையும் சேர்த்து அனுப்பினால் அவள் எங்கே படுப்பாள்? நான் அங்கே மூன்று மாதமும் கண்ணை மூடவில்லை என்று சொன்னேனே, அதை மட்டும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

பர்கூர்க்காரி:
தாண்டிப் போகவில்லை. உங்கள் கஷ்டம் ஆள் இல்லாத கஷ்டம், பிள்ளை கூட இருந்த கஷ்டம் இல்லை.

மருமகள்_பாலக்கோடு:
எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது? ஆள் இருந்தால் யார்தான் பிள்ளையை விட்டுவிட்டு வருவார்கள், சொல்லுங்கள். இல்லாத வீட்டுக்குத்தான் இந்தக் கேள்வியே.

ஷிஃப்ட்காரன்_காவேரிப்பட்டணம்:
எல்லோருக்கும் நன்றி, திட்டியவர்களுக்கும் சேர்த்து. நேற்று ராத்திரி போனில் பேசி ஒரு மாதிரி முடிவு செய்திருக்கிறோம். பெரியவளும் போகிறாள். மனைவியின் தங்கைக்குக் காலேஜ் லீவு, அவள் கூட இருக்கிற வரைக்கும் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் சித்தி. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதாம், போர் தண்ணீரைக் குடிப்பது பழக்கத்தில்தான். வார விடுமுறைக்கு முந்தின ராத்திரியே நான் கிளம்பிவிடுகிறேன், அந்த ஒரு நாள் பெரியவள் என் பொறுப்பு, ராத்திரியும் என்னோடு திண்ணையில் படுத்துக்கொள்வாள். என் அம்மாவுக்குத்தான் முகம் சரியில்லை. பேத்தியைப் பார்க்க முடியாது என்கிற வருத்தம் பாதி, தன் பேச்சு எடுபடவில்லை என்கிற வருத்தம் பாதி. தினமும் சாயந்திரம் வீடியோ காலில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மாந்தோப்பு:
வீடியோ காலில் பேத்திக்குச் சோறு ஊட்ட முடியுமா தம்பி? அம்மாவை ஒரு பத்து நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வா. நானாக இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், அது வேறு.

நர்ஸ்_அரூர்:
தாய் சேய் அட்டையைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள். ஒன்றரை மாத ஊசியை அந்த ஊர்ப் பக்கம் இருக்கிற துணை சுகாதார நிலையத்திலேயே புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம், இதற்காகக் காவேரிப்பட்டணம் வர வேண்டாம். பெரியவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிற வைட்டமின் ஏ எப்போது ஊற்றியது என்றும் அவள் அட்டையில் பாருங்கள்.

மருமகள்_பாலக்கோடு:
தங்கச்சிக்குக் காலேஜ் திறப்பது எப்போது?

ஷிஃப்ட்காரன்_காவேரிப்பட்டணம்:
அடுத்த மாதக் கடைசியில் அக்கா. அதற்கப்புறம் என்ன செய்வது என்று இன்னும் பேசவில்லை. நைட் ஷிஃப்ட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டு பகலில் பெரியவளை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை.

மருமகள்_பாலக்கோடு:
நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் இரண்டரை வயதுப் பிள்ளையைப் பார்ப்பீர்களா? ஒரு வாரம் செய்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.