தாடை ஒப்பரேசன்: கீழ்ச்சொண்டு விறைச்சே போயிடுமோ?

சுன்னாகத்தான்:
தங்கச்சிக்கு 22 வயசு. கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி நிக்குது. கம்பி போட்டாச்சு, அடுத்தது ஒப்பரேசனாம். சம்மதப் படிவத்தில "கீழ்ச்சொண்டு, நாடி விறைப்பு வரலாம், நிரந்தரமாயும் இருக்கலாம்" எண்டு கிடக்கு. அம்மா அதை வாசிச்சிட்டு, வாய் கோணப்போகுது எண்டு ஒரே அழுகை. நரம்பைக் காப்பாத்த உண்மையில என்ன செய்யினம்? செய்த ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

கந்தர்மடம் அக்கா:
தம்பி, அம்மாவை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. முகத்தை அசைக்கிற நரம்பு வேற, அதில பிரச்சினை வாறது மிச்சம் குறைவு. இது உணர்ச்சி நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள்ளால ஓடி, முன் கடைவாய்ப்பல்லுக்குக் கீழ இருக்கிற துவாரத்தால வெளியில வந்து சொண்டுக்கும் நாடிக்கும் போகுது. எலும்பைப் பிளக்கிறதே அதுக்குப் பக்கத்திலதான், அதாலதான் முதல் கிழமையள் விறைப்பு அநேகமா எல்லாருக்கும்.

நானும் இதே ஒப்பரேசன் செய்தனான். எனக்கு டொக்டர் ஸ்கானைத் திரையில போட்டு, இடப்பக்க நரம்பு வெளி எலும்போட ஒட்டிக் கிடக்கிறதைப் பேனையால தொட்டுக் காட்டினவர். வலப்பக்கம் உணர்ச்சி மெல்ல மெல்ல வந்திட்டுது. முதல்ல எறும்பு ஊருற மாதிரி, பிறகு ஊசி குத்துற மாதிரி. இடப்பக்கம் இப்பவும் ஒரு அஞ்சு ரூபாக் குத்தி அளவு மரத்துத்தான். சோத்துப் பருக்கை ஒட்டினாத் தெரியாது, இவர் கண்ணைக் காட்டுவார், துடைப்பன். அதுக்காக ஏன் செய்தன் எண்டு நினைச்சதில்லை. இப்பதான் இறைச்சியைப் பல்லால கடிச்சுச் சாப்பிடுறன். தேத்தண்ணியை மட்டும் ஆறவிட்டுக் குடுங்கோ, சொண்டு சுட்டாலும் தெரியாது.

பல்வைத்தியன் (பேராதனையில படிச்சது, தாடை நிபுணன் இல்லை):
அக்கா சொன்னது சரி. கீழ்த்தாடை எலும்பை ரெண்டு பக்கமும் உள் துண்டு, வெளித் துண்டு எண்டு பிளந்து, பல் இருக்கிற துண்டை நகர்த்திற முறை இது. 1957இல ட்ரௌனர், ஒப்வெகேசர் எண்ட வைத்தியர்மார் எழுதினது, பிறகு வெட்டுப் பல தரம் மாறியிருக்கு. உள்பக்க வெட்டு, நரம்பு எலும்புக்குள்ள நுழையிற இடத்துக்கு மேல. வெளிப்பக்கம் மேலோட்டை மட்டும் வெட்டி, மிச்சத்தை மெதுவா விரிச்சுப் பிரிப்பினம். நரம்பு பல் இருக்கிற துண்டோட நிக்கவேணும். வெளித் துண்டில ஒட்டினா, பார்த்துப் பிரிச்செடுப்பினம். சின்னத் தகடும் கட்டை ஆணியும் போட்டா நரம்பு நசியிறது குறைவு. சில இடங்களில பியேசோ எண்ட அதிர்வுக் கருவி இருக்கு: எலும்பை வெட்டும், நரம்பை அவ்வளவாக் காயப்படுத்தாது, ஆனா நேரம் எடுக்கும்.

வயசு கூடக்கூட உணர்ச்சி திரும்புறது குறையும். 22 நல்ல வயசு. விற்றமின் பி குளிசை எழுதுவினம், குடிக்கட்டும், ஆனா அதில பெரிசா நம்பிக்கை வைக்கவேண்டாம். கீழ் ஞானப்பல் இருக்கோ எண்டு கேளுங்கோ. எலும்பைப் பிளக்கிற இடத்திலதான் அது கிடக்கும், அதால கன டொக்டர்மார் ஆறு மாதம் முன்னமே அதைப் பிடுங்குவிப்பினம்.

சுன்னாகத்தான்:
ஞானப்பல் ரெண்டும் கிடக்கு, ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கேல்லை! வியாழன் கிளினிக். ஸ்கானில நரம்பைக் காட்டச் சொல்லிக் கேட்டிட்டு வந்து எழுதுறன்.