மறுமொழி: ஏர் ரைபிள் ஸ்கோப்பை ‘ஜீரோ’ செய்வதற்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுவினர்க்கு வணக்கம். ஏர் ரைபிள் ஸ்கோப் (காற்றுத் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, ‘ஜீரோ’தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தத் தூரத்தில் ஜீரோ செய்வது என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. இயந்திர மொழிபெயர்ப்பு அதற்குப் ‘பூஜ்ய தூரத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்கிறது. அதை நம்பினால், குழலை இலக்கு அட்டையோடு ஒட்டிவைத்துத்தான் சுட வேண்டும்.

செய்தி இதுதான். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைந்து செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்வை நேர்கோடாகப் போகிறது. குண்டு கீழேயிருந்து கிளம்பி, ஏறும்போது அந்தக் கோட்டை ஒருமுறை வெட்டி, இறங்கும்போது மறுபடி வெட்டுகிறது. அந்த வெட்டு நாம் விரும்பும் தூரத்தில் அமையும்படி ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்வதே ஜீரோ. இந்தச் செயலுக்கும் அந்தத் தூரத்துக்கும் ஒரே வேரிலிருந்து சொல் கிடைத்தால் நல்லது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நெல்லை:

இதற்கு ஏன் இத்தனை திண்டாட்டம்? வெர்னியர் அளவியைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ‘சுழிப்பிழை’ தெரியும், ‘சுழித்திருத்தம்’ தெரியும். இதுவும் ஒரு கருவியின் பிழையை நீக்குவதுதான். சுழித்திருத்தம், சுழித்திருத்தத் தொலைவு. முடிந்தது.

கணித ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயா, எங்கள் பாடநூலில் அது ‘பூச்சிய வழு’. சுழி என்றால் எங்கள் மாணவருக்கு நீர்ச்சுழியும் தலைச்சுழியும்தான் நினைவுக்கு வரும். ‘பூச்சியமாக்கல்’ என்று வைத்தால் இங்கே விளங்கும். இன்னொன்று: கையேட்டில் குண்டை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்? நாங்கள் ‘ரவை’ என்போம்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அம்மா, ‘உயர்தர ரவையையே பயன்படுத்தவும்’ என்று எழுதினால் இங்கே உப்புமா கிண்டிவிடுவார்கள். குண்டு என்றே இருக்கட்டும்.

தனித்தமிழ் அன்பர், மதுரை:

பூச்சியம் வடமொழிப் பூஜ்யத்தின் திரிபு. அதை எதற்குத் தலையில் தூக்கிவைக்க வேண்டும்? பரிபாடலில் திருமாலைப் பாடும் மூன்றாம் பாட்டில் எண் வரிசை எப்படித் தொடங்குகிறது? பாழ், கால், பாகு, ஒன்று, இரண்டு. சுழியத்துக்கு நம் பழஞ்சொல் பாழ். ‘பாழி’ என்றால் குகை. துப்பாக்கிக் குழலும் ஒருவகைக் குகைதானே? வேரிலேயே பொருத்தம் இருக்கிறது. எனவே ‘பாழாக்கம்’, ‘பாழ்த்தொலைவு’.

துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர், கோவை:

ஐயா, ஆசை ஆசையாகத் துப்பாக்கி வாங்கி வந்த பையனிடம் ‘முதலில் இதைப் பாழாக்கு’ என்று நான் எப்படிச் சொல்வேன்?

நான் சொல்லாய்வு படித்தவள் அல்லள். ஆனால் தூரத்தைத் தேர்வதுதான் அந்த அத்தியாயத்தின் உயிர் என்பதால் எழுதுகிறேன். ஒலிம்பிக்கில் வரும் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, தூரமும் மாறாது. ஸ்கோப் வைத்துப் பல தூரங்களில் சுடுபவருக்குத்தான் தலைவலி. 4.5 மி.மீ. குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகம், ஸ்கோப் நாலரை செ.மீ. உயரம் என்று கொள்ளுங்கள். முப்பது மீட்டரில் ஜீரோ செய்தால் முதல் வெட்டு பதின்மூன்று மீட்டர் வாக்கில் விழும். இரண்டுக்கும் நடுவே குண்டு பார்வைக் கோட்டுக்கு ஒரு செ.மீ.கூட மேலே போகாது. முப்பத்தைந்தில் ஒன்றரை செ.மீ. இறங்கிவிடும். இதையே பத்து மீட்டரில் ஜீரோ செய்தால் இருபத்தைந்தில் ஏறக்குறைய மூன்று செ.மீ. மேலே அடிக்கும். வீட்டு முற்றத்தில் பத்து மீட்டரில் அச்சாக வைத்துவிட்டுச் சுடுதளத்துக்கு வந்து ‘ஸ்கோப் கெட்டுப்போயிற்று’ என்று புலம்புகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பத்தில் தொடங்குவது குண்டு அட்டையில் விழுகிறதா என்று பார்க்க மட்டுமே. பிறகு இருபத்தைந்து, முப்பதுக்குப் போய் முடிக்க வேண்டும்.

இதில் சுழி எங்கே, பூச்சியம் எங்கே, பாழ் எங்கே? இரண்டு கோடுகள் சந்திக்கின்றன, அவ்வளவுதான். நாங்கள் தளத்தில் ஜீரோ என்கிறோம். தேசிய மாணவர் படையில் இருந்து வருகிறவர்களும் ‘ஜீரோயிங்’ என்றே பழகியவர்கள். அப்படியே போடுங்கள்.

இயற்பியல் ஆசிரியர், நெல்லை:

குறி வைத்த இடத்துக்கும் குண்டு பட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு சுழி. அதுதான் சுழி இருக்கும் இடம். ‘அப்படியே போடுங்கள்’ என்று அன்றைக்கே விட்டிருந்தால் இன்று வகுப்பில் வெலாசிட்டி, ஆக்சிலரேஷன் என்றுதான் தமிழில் பாடம் நடத்திக்கொண்டிருப்போம். திசைவேகமும் முடுக்கமும் முதல் நாளே யாருக்குப் புரிந்தன?

தனித்தமிழ் அன்பர், மதுரை:

‘பிழை’ என்ற சொல்லையும் கவனியுங்கள். குறளில் ‘யானை பிழைத்த வேல்’ வருகிறது. பிழைத்தல் என்றால் குறி தவறுதல். உயிர் தப்புவதும் பிழைத்தலே. வேல் பிழைத்தது, யானையும் பிழைத்தது! ஆகச் சுழிப்பிழையில் உள்ள ‘பிழை’ வெர்னியருக்கு முன்பே வேலுக்கு உரியது. என்னிடம் இன்னும் சில சான்றுகள் உள்ளன, நாளை விரிவாக எழுதுகிறேன்.

கணித ஆசிரியை, யாழ்ப்பாணம்:

நாளை ஞாயிறு, ஐயா. அவருக்குத் திங்கள் கெடு. துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு பூச்சியத்தை மட்டும் விரட்டுவது என்ன நியாயம்?

பயிற்றுநர் சொன்னதைப் பிடித்துக்கொள்வோம். கோடுகள் வெட்டும் இடம் வெட்டுப்புள்ளி என்று எல்லா மாணவருக்கும் தெரியும். ‘முதல் வெட்டு’, ‘இரண்டாம் வெட்டு’, ‘வெட்டுத் தூரம்’ என்றால் படம் இல்லாமலே விளங்கும். ‘சந்திப்புத் தூரம்’ என்று வைப்பதும் சரிதான்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

சந்திப்பு என்றால் எனக்கு விழுப்புரம்தான் கண்ணில் வருகிறது. வெட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் வினைக்கு என்ன செய்வது? ‘ஸ்கோப்பை வெட்டவும்’ என்று எழுத முடியாது. ‘குறிப்பொருத்தம்’ சரிவருமா?

பயிற்றுநர், கோவை:

ஜாதகம் பார்ப்பதுபோல் இருக்கிறது. அதோடு ‘குறி’ என்று தனியாகத் தலைப்பில் போட்டால் வகுப்பின் பின்வரிசை சிரிக்கும். ‘குறி பார்த்தல்’ என்று வினையோடு வந்தால் யாரும் சிரிப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவர்க்கும் நன்றி. இனியும் காத்திருக்க நேரமில்லை. கையேட்டில் போகப்போவது: செயலுக்கு ‘குறி நேர்செய்தல்’. தூரத்துக்கு ‘நேர்செய்யும் தூரம்’. பாதையை விளக்கும் பத்தியில் ‘முதல் வெட்டு, இரண்டாம் வெட்டு’. முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘தளத்தில் ஜீரோ என்பார்கள்’ என்று ஒரு வரி. ஒரே வேர் என்ற ஆசையை விட்டுவிட்டேன். திருகில் ஒரு கிளிக் (ஒரு படி) திருப்பினால் குண்டு படும் இடம் இருபத்தைந்து மீட்டரில் இரண்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகரும் என்ற வரி மட்டும் எந்தச் சண்டையும் இல்லாமல் தமிழில் வந்துவிட்டது.

இயற்பியல் ஆசிரியர், நெல்லை:

‘நேர்செய்தல்’ பஞ்சர் ஒட்டுவதற்கும் பொருந்தும், கணக்கைச் சரிக்கட்டுவதற்கும் பொருந்தும். கலைச்சொல்லுக்கு அழகு ஒரு பொருளைச் சுட்டுவது. நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அத்தியாயத்தில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் இலக்கு இடம் மாறியதுபோல் தோன்றுவது) வருமே, அதற்கு ‘இடமாறு தோற்றப்பிழை’ என்று பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது. அதையாவது வாக்கெடுப்புக்கு விடாதீர்கள்.

தனித்தமிழ் அன்பர், மதுரை:

அதிலும் ‘தோற்றம்’ பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.