மஸ்கட்டிலிருந்து வந்த நாட்டோ மாத்திரை

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் "தறவாட்டு உறவுகள்". பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், இந்தக் குழுவில் கட்டைவிரல் படத்துக்கும் அரைகுறைத் தமிழுக்கும் இடமில்லை.)

பெரியப்பா, மார்த்தாண்டம் – காலை 6:40
மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய நாட்டோகைனேஸ் மாத்திரையை மூன்று வாரமாக வெறும் வயிற்றில் தினம் ஒன்று வீதம் சாப்பிட்டு வருகிறேன். ஒரு மாத்திரையில் 2000 எஃப்.யு. (அதன் வீரியத்தை அளக்கும் அலகு) இருப்பதாகக் குப்பியில் போட்டிருக்கிறது. இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும், வீக்கத்தை வற்றவைக்கும் என்கிறான். முழங்கால் வலியும் குறைந்ததுபோல் தோன்றுகிறது. நாகர்கோவில் தம்பிக்கும் ஒரு குப்பி சொல்லிவிடட்டுமா?

அண்ணன், மஸ்கட் – காலை 6:58
சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ஒன்று வாங்கி வைத்துவிட்டேன் அப்பா. ஜப்பானியர்கள் காலை உணவோடு சாப்பிடும் நாட்டோ என்ற புளித்த சோயாவிலிருந்து எடுப்பது இது. ஹிரோயுகி சுமி என்ற ஆய்வாளர் 1980இல் ஆய்வுக்கூடத் தட்டில் இருந்த இரத்தக் கட்டியின் மேல் நாட்டோவை வைத்துப் பார்த்தபோது, அந்தக் கட்டி கரைந்துபோனதாம்.

நான், தக்கலை – காலை 7:15
அண்ணன் சொன்ன சோதனை உண்மைதான். ஆனால் அது நடந்தது தட்டில். அத்தை ஆட்டிறைச்சியில் பப்பாளிக்காய்த் துண்டு போட்டு வேகவைப்பதை நினைத்துப் பாருங்கள். காயின் பாலில் உள்ள நொதி இறைச்சியைத் தொட்டுக்கொண்டே இருப்பதால்தான் கறி பஞ்சாகிறது. நாட்டோகைனேஸும் ஒரு நொதிதான்; நொதி என்பது ஒரு புரதம். அதை விழுங்கினால் பருப்பையும் மீனையும் செரிப்பதுபோல் வயிறு அதையும் செரிக்கப் பார்க்கும். அதனால்தான் இத்தகைய மாத்திரைகள் பலவற்றுக்குக் குடலில் போய்க் கரையும்படி தனி உறை போடுகிறார்கள். அதையும் தாண்டி இரத்தத்தில் கலப்பது சொற்பமே. மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கட்டியைக் கரைக்கிறது என்றால், அதை நேரே நரம்பில் ஏற்றுகிறார்கள், அதுவும் நெஞ்சுவலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள். நாட்பட்டுப் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த அடைப்பு வேறு, நேற்று உறைந்த இரத்தக் கட்டி வேறு. அமெரிக்காவில் 265 பேரை வைத்து இதே 2000 எஃப்.யு. அளவில் மூன்று ஆண்டுகள் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். கழுத்து இரத்தக் குழாயின் சுவர் தடிப்பதில், நாட்டோகைனேஸ் சாப்பிட்டவருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அத்தை, குலசேகரம் – காலை 7:31
எனக்குப் பல் பிடுங்கியபோது வீக்கம் வற்ற நீ கொடுத்ததும் ஏதோ நொதி மாத்திரைதானே? இங்கே ரப்பர் கன்றுகளுக்கு நடுவே அன்னாசி காய்த்துக் கிடக்கிறது. அதைத் தின்றாலே வீக்கம் வற்றும் என்கிறார்களே?

நான் – காலை 7:44
ஆமாம் அத்தை, அது செர்ரேஷியோபெப்டிடேஸ். பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கண்டெடுத்தது. அதையும், வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்து எழுதிய சீட்டு எங்கள் மருந்துக்கடைக்கு வராத நாளே இல்லை. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜப்பானில், வெற்று மாத்திரையைவிட மேலான பலன் இல்லை என்று மறுசோதனையில் தெரிந்ததால், 2011இல் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் கன்னம் வற்றியதில் பெரும்பங்கு டைக்ளோஃபெனாக்குக்கும் நான்கு நாள் பொறுத்திருந்ததற்கும்தான் என்பது என் எண்ணம். அன்னாசியில் இருப்பது ப்ரோமெலைன். அது பழத்தைவிடத் தண்டில்தான் அதிகம், தண்டை நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம். கடைவாய்ப்பல் எடுத்தவர்களிடம் ப்ரோமெலைன் மாத்திரையால் வீக்கம் ஓரளவு குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தீப்புண்ணில் செத்த தோலை நீக்க அதைக் களிம்பாகப் பூசுவது மட்டும் நன்கு நிலைபெற்ற சிகிச்சை. அங்கே அது புண்ணை நேரே தொடுகிறது அல்லவா? இன்னொன்று, ரப்பர் கையுறை போட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு அன்னாசியும் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சித்தப்பா, நாகர்கோவில் – காலை 8:02
எனக்கு மாத்திரை வேண்டாம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்திருந்தபோது, சட்டையை மடித்துக் கை கழுவினீர்களே, அப்போது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

பெரியப்பா – காலை 8:10
கேட்டில் லேசாக இடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பத்து நாளாகப் பல் தேய்த்துத் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. ஈறு பழுதாகியிருக்கும். வெள்ளிக்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

நான் – காலை 8:13
பெரியப்பா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதய இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது; ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறீர்கள். இரண்டுமே இரத்தம் எளிதில் உறையாதபடி பார்ப்பவை. அவற்றோடு இந்த நொதியும் சேரும்போது இரத்தக் கசிவு கூடலாம். அடைப்பைக் கரைக்கும் அளவுக்கு இதற்குப் பலம் இருப்பதாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஆஸ்பிரினோடு இதைச் சாப்பிட்டவருக்கு மூளையில் இரத்தம் கசிந்ததாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. நாட்டோ மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் அந்த இரண்டு மாத்திரையையும் நீங்களாக ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம். இதய மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் குப்பியைக் காட்டுங்கள்; பல் எடுப்பதைத் தள்ளிவைக்க வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள். மலம் கறுத்துப் போனாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, எங்களைக் கேட்டுக்கொண்டிராமல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள்.

அண்ணன் – காலை 8:20
அப்பா, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்காமல் அனுப்பியது என் தவறு. தங்கச்சி, மாத்திரை வேண்டாம், அந்த நாட்டோவை உணவாகவே சாப்பிட்டால்?

நான் – காலை 8:26
இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே நாட்டோவில் மிக அதிகம். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் அத்தை வீட்டு மாமாவுக்கு அது நேர் எதிரி; மருந்தின் வேலையையே முறித்துவிடும். பெரியப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நூல் நூலாக இழுபடும் அந்தப் பண்டத்தை அவர் வாயில் வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா – காலை 9:05
சரி மக்களே. இதய மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன், மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். பல் மருத்துவரிடமும் பேசிவிட்டேன். இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு வந்தால் போதும் என்றார். அறுபது மாத்திரையில் இன்று காலை போட்டதோடு இருபத்திரண்டு தீர்ந்தது. மீதி முப்பத்தெட்டையும் திரும்பும் வழியில் உன் கடையில் தந்துவிட்டுப் போகிறேன்.