350 வைத்தால் 300தான் ஏறுகிறது: ஓவன் சென்சாரை நானே மாற்றலாமா?

பட்டர்கேக்:
எல்லோருக்கும் வணக்கம். டொரோண்டோவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் மேலே அடுப்பும் கீழே ஓவனுமாக ஒன்றாக வரும் மின்சார வகை, ஒன்பது வருடப் பழசு. ஒரு மாதமாகப் பட்டர் கேக் வேகவே மாட்டேன் என்கிறது. 350 ஃபாரன்ஹீட்டில் 50 நிமிடத்தில் எடுக்கிற கேக், 70 நிமிடம் ஆனாலும் நடுவில் கூழ். ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவோடு வருகிறது. திரையில் 350 என்றுதான் இருக்கிறது, பிழைக் குறி எதுவும் இல்லை. கம்பித் தட்டில் தொங்கவிடும் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன், 300 பக்கமே நிற்கிறது. மெக்கானிக் வந்து பார்க்கவே 120 டாலர் கேட்கிறார்கள். உள்ளே சூட்டை அளக்கும் சென்சாரை வாங்கி இரண்டு ஸ்க்ரூவில் நாமே மாட்டிவிடலாம் என்று என் கணவர் நிற்கிறார். வாங்கட்டுமா?

அடுக்களைவாசி:
செலவே வேண்டாம் அக்கா. செட்டிங்கில் வெப்பத் திருத்தம் என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய ஃபிட்டர்:
ஐந்து பத்து டிகிரி வித்தியாசத்துக்கு அது சரி. இங்கே 50 டிகிரி குறைகிறது, அதுவும் திடீரென்று. எதுவோ கெட்டிருக்கிறது. வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள் தங்கச்சி. கீழ்க் கம்பி முழுக்கச் சிவக்கிறதா? தெர்மாமீட்டரை எத்தனை தடவை பார்த்தீர்கள்? ஓவன் ஒரே சூட்டில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் ஐந்தாறு தடவை குறித்துச் சராசரி எடுங்கள்.

பட்டர்கேக்:
கம்பி நன்றாகச் சிவக்கிறது அண்ணா. ஆறு தடவை குறித்தேன், 285க்கும் 315க்கும் நடுவில் ஆடுகிறது. இன்னொன்று, இது தொடங்குவதற்கு முந்தின வாரம்தான் செல்ஃப் கிளீன் (உள்ளே படிந்த அழுக்கைச் சூட்டிலேயே எரித்துவிடும் வசதி) போட்டேன். இப்போதைக்கு அடுக்களைவாசி சொன்ன திருத்தத்தையும் வைத்திருக்கிறேன், 35க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

பழைய ஃபிட்டர்:
செல்ஃப் கிளீனில் உள்ளே 900 ஃபாரன்ஹீட் பக்கம் போகும். பின்பக்க ஒயர்களுக்கு அது சோதனைக் காலம்.

சென்சார் என்பது உள்ளே பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் தடிமன் குச்சி. வட அமெரிக்க ஓவன்களில் பெரும்பாலும் அதன் நுனியில் பிளாட்டினம் இருக்கும். 0 செல்சியஸில் அதன் மின்தடை 1000 ஓம், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3.85 ஓம் கூடும். வீட்டுச் சூட்டில் 1085 பக்கம் காட்ட வேண்டும். தடை கூடினால் சூடு கூடிவிட்டது என்று ஓவனை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு நினைத்துக்கொண்டு கம்பியை அணைத்துவிடும். உங்கள் கதை அதுதான். ஆனால் அந்தக் கூடுதல் தடை சென்சாரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வழியில் எங்கும் இருக்கலாம். ஆகவே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்.

முதலில் பிரேக்கரை அணையுங்கள். கடிகாரத் திரை செத்துவிட்டதா என்று பாருங்கள், 240 வோல்ட் விளையாட்டு அல்ல. ஓவனை வெளியே இழுத்து பிளக்கையும் பிடுங்குங்கள். சாயாமல் இருக்கப் பின்காலைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை இருக்கும், நேராக இழுத்தால் விட்டுவிடும். பின் தகட்டைக் கழற்றி, போர்டில் சென்சார் ஒயர் செருகிய இடத்தில் பிடுங்கி, மல்டிமீட்டரை 2000 ஓமில் வைத்து ஒயர் பக்கம் அளக்கவும். அடுத்து சென்சாரின் சொந்தக் கனெக்டரைப் பிரித்து, குச்சிப் பக்கத்தை மட்டும் அளக்கவும். சென்சாரின் எந்த ஒயருக்கும் ஓவன் உடம்புக்கும் இடையே எந்த இணைப்பும் காட்டக்கூடாது.

சந்தேகம் இருந்தால் குச்சியைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் வையுங்கள், 1000. கொதிக்கிற தண்ணீரில் 1385. கனெக்டர் மட்டும் நனையக்கூடாது.

பட்டர்கேக்:
அளந்தாச்சு! போர்டுப் பக்கம் 1190. ஒயரை ஆட்டினால் 1140, 1230 என்று அலைகிறது. குச்சிப் பக்கம் 1086, ஆடவே இல்லை. ஐஸில் 1002, கொதிநீரில் 1381. உடம்போடு இணைப்பு இல்லை. கனெக்டரைப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுத்து, உள்ளே பித்தளை கறுத்துப் போயிருக்கிறது.

பழைய ஃபிட்டர்:
அப்போ சென்சார் தங்கம். கூடுதலாக இருக்கும் 100 ஓமும் கனெக்டரில். 100 ஓம் என்றால் ஏறக்குறைய 27 செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 50 பக்கம். உங்கள் தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. புதுச் சென்சாரை அதே கறுத்த கனெக்டரில் செருகியிருந்தால் கேக் அப்படியேதான் இருந்திருக்கும்.

கனெக்டரை இரண்டு பக்கமும் வெட்டி எறியுங்கள். ஒயர் நுனியைப் பளபளப்பாகச் சீவி முறுக்கி, பீங்கான் ஒயர் நட் (முறுக்கிய நுனி மேல் திருகும் மூடி) போடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் நட்டோ இன்சுலேஷன் டேப்போ வேண்டாம், அந்தச் சூட்டில் உருகிவிடும். எந்த ஒயர் எதோடு என்ற கவலை வேண்டாம், இதில் பிளஸ் மைனஸ் கிடையாது.

மாடிவீடு:
ஐயோ, இதே கோளாறுக்குத்தான் நான் போன வருடம் போர்டையே மாற்றினேன். சரி, கேட்கிறதோடு கேட்கிறேன்: சென்னையில் அம்மாவிடம் மேசையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன், ஓடிஜி, இருக்கிறது, அதுவும் சூடாவதில்லை. இதே அளவுதானா?

பழைய ஃபிட்டர்:
குமிழைத் திருகும் ஓடிஜி என்றால் பெரும்பாலும் அதில் இந்தச் சென்சாரே இருக்காது. சூட்டில் வளைந்து சுவிட்சைத் தட்டும் தெர்மோஸ்டாட்தான் இருக்கும். அந்தக் கணக்கே வேறு, தனியாகக் கேளுங்கள்.

பட்டர்கேக்:
நேற்று முடித்தோம். போர்டுப் பக்கம் 1087, ஆட்டினாலும் அசையவில்லை. சந்தோஷத்தில் உடனே கேக் வைத்தேன். மேலே கருகி, ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது! தெர்மாமீட்டர் 385 காட்டுகிறது. இது என்ன புதுக் கூத்து?

பழைய ஃபிட்டர்:
35 திருத்தம்.

பட்டர்கேக்:
அடக் கடவுளே. எடுத்தே விடவில்லை.

பட்டர்கேக்:
பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தாச்சு, இன்றைக்கு 52 நிமிடம், ஈர்க்குச்சி சுத்தமாக வந்தது. ஒரு சின்னச் சிக்கல்: கணவர் நான் கேட்பதற்கு முன்பே சென்சார் ஆர்டர் போட்டிருக்கிறார், இன்று காலை வந்துவிட்டது. திருப்பி அனுப்பச் சொன்னால் "இருக்கட்டும், உதவும்" என்கிறார்.