யாத்திராகமம் 21: அப்பன் விற்ற மகளுக்கு ஏழாம் வருஷ விடுதலை ஏன் இல்லை?

ஏடுபுரட்டி:
எபிரெய அடிமை ஆறு வருஷம் உழைத்தால் ஏழாம் வருஷம் போகலாம் என்கிறது 21:2. ஐந்தே வசனம் தள்ளி, அப்பன் விற்ற மகளுக்கு அது கிடையாதாம். இதையா பாதுகாப்பு என்கிறார்கள்? உபாகமம் 15:12 பெண்ணையும் விடச் சொல்கிறதே?

மூலபாடம்:
அங்குள்ள எபிரெயச் சொல் 'அமா'. வெறும் வேலைக்காரி இல்லை. எஜமானோ அவன் மகனோ மணந்துகொள்வான் என்ற ஏற்பாட்டில் போனவள். அவளை ஏழாம் வருஷம் வாசலுக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் கைவிடுதல். அதனால் 8 முதல் 11 வரை எஜமானின் கையைத்தான் கட்டுகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் மீட்க விடவேண்டும், அந்நியருக்கு விற்கக்கூடாது. மகனுக்கு என்றால் மகளுக்குரிய முறைமை. இன்னொருத்தியைக் கட்டினாலும் இவளுடைய உணவு, உடை, 'ஓனா' குறையக்கூடாது. ஓனா என்பதை யூத மரபு தாம்பத்திய உரிமை என்று கொண்டது.

8ஆம் வசனத்தில் ஓர் எழுத்துதான் வம்பு. 'லோ' என்பதை அலெப் என்ற எழுத்துப் போட்டு எழுதியிருக்கிறது, அதாவது 'இல்லை'. வாசிப்பு மரபில் அது வாவ் என்ற எழுத்து, 'தனக்கு'. நியமிக்காதவளா, தனக்கென நியமித்தவளா என்பது அதில் தொங்குகிறது.

கணக்குப்பிள்ளை:
மீட்புத்தொகைக்கு மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் கித்துஷின் 1:2 பாருங்கள். உழைத்த காலம் விலையில் கழியும். ஆறு வருஷத்துக்கு 60 வெள்ளி என்று வையுங்கள். நாலு வருஷம் போனால் பாக்கி 20. ரபிகள் (யூதச் சட்ட ஆசிரியர்கள்) அதே இடத்தில் அவளுக்கும் ஆறு வருஷ வரம்பு, யூபிலி (ஐம்பதாம் வருஷ விடுதலை) இரண்டையும் கொடுத்துவிட்டார்கள். கூடுதலாக, பருவக்குறி தெரிந்தாலே விடுதலை. விற்கும் உரிமை அப்பனுக்கு மட்டும், அதுவும் அவள் சிறுமியாக இருக்கும்வரை. தாய்க்குக் கிடையாது (மிஷ்னா, சோத்தா 3:8).

ஏடுபுரட்டி:
11ஆம் வசனத்தின் "இம்மூன்றும்" உணவு, உடை, ஓனாதானே?

மூலபாடம்:
நேராகப் படித்தால் அப்படித்தான். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எண்ணுவது வேறு: தான் மணப்பது, மகனுக்கு மணமுடிப்பது, விலை குறைத்து மீட்கவிடுவது. எதுவும் செய்யாவிட்டால் காசு வாங்காமல் விட்டுவிடவேண்டும்.

உபாகமம் 15 கடனுக்குத் தன்னையே விற்றவளைப் பேசுகிறது என்பார் சிலர். பழைய சட்டத்தைத் திருத்தி எழுதியது என்பார் பலர். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் 15:17 'அமா'வையே பெயர் சொல்லிச் சேர்க்கிறது. விடுதலையாகிறவருக்கு மந்தை, களம், திராட்சை ஆலை மூன்றிலிருந்தும் கொடுத்தனுப்பச் சொல்வதும் அங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
நடைமுறைக்கு நெகேமியா 5:5. மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைகள், மீட்க வக்கில்லை, நிலமும் திராட்சைத் தோட்டமும் அடுத்தவன் கையில் என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள். மீட்புரிமை இருந்தது, மீட்கத்தான் பணமில்லை.