பவள வெளிறல்: கலைச்சொல் முன்மொழிவு குறித்து

குழுவினருக்கு வணக்கம்.

கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது பவளம் நிறமிழப்பதைக் குறிக்க இதுவரை 'பவளப்பாறை வெளுப்பு', 'நிறமிழப்பு', 'வெளிறல்' ஆகிய மூன்று சொற்களும், நண்பர் ஒருவர் பாதி வேடிக்கையாகச் சொன்ன 'பசலை'யும் நம்முன் உள்ளன. 'பவள வெளிறல்' என்பதை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஓசை நயத்துக்காகச் சொல்லவில்லை. இச்சொல்லை வைத்துத்தான் ஆய்வாளர்கள் இழப்பைக் கணக்கிடப் போகிறார்கள்.

வெளிறுவது பாறை அன்று, உயிரி. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவே அதன் ஆற்றலின் பெரும்பகுதி. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட, ஒளி ஊடுருவும் திசுவின் அடியிலிருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அப்போதும் பவளத்துக்கு உயிர் இருக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். இல்லையேல் பவளம் பட்டினியால் மடியும். 'வெளுப்பு' என்பது முடிந்துபோன செயலாகத் தொனிக்கிறது. முகம் வெளிறியவரையோ நாம் இறந்தவராகக் கொள்வதில்லை. துணை பிரிந்தால் படர்ந்து, திரும்பினால் நீங்கும் பசலை இதற்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மீன்வள அறிக்கை ஒன்றில் 'பசலைப் பரப்பு இத்தனை விழுக்காடு' என்று அச்சாவதை எண்ணித் தயங்குகிறேன்.

பவளம் கட்டும் திட்டைக் குறிக்க மன்னார் வளைகுடா மீனவர் வழங்கும் 'பார்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'முத்துப்பார்' ஏற்கெனவே நூல்வழக்கில் உள்ளது. உயிரி 'பவளம்', அது கட்டிய திட்டு 'பார்' என்று பிரித்துவிட்டால் ஒரு பெரிய குழப்பம் தீரும். 2016இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்தொடரில் ஆய்வுக்கு உட்பட்ட 911 பார்களில் 7 விழுக்காடு மட்டுமே வெளிறலிலிருந்து முற்றிலும் தப்பின. ஆனால் அவ்வாண்டு மார்ச்சு முதல் நவம்பர் வரை ஆழமற்ற நீரில் மடிந்த பவளம் ஏறத்தாழ 30 விழுக்காடு. 93 என்பது சிறிதளவேனும் வெளிறல் கண்ட பார்களின் கணக்கு. 30 என்பது மறைந்த உயிர்ப்பவளப் பரப்பின் கணக்கு. அத்தொடர் நாட்டுக்கு ஆண்டுக்கு 640 கோடி ஆஸ்திரேலிய டாலரையும் 64,000 வேலைகளையும் தருவதாக 2017இல் மதிப்பிடப்பட்டது. வெளிறலையும் மடிவையும் ஒரே சொல்லால் எழுதும் செய்தியைப் படிப்பவர் அந்தத் தொகையில் எவ்வளவு போயிற்று என்று எப்படி ஊகிப்பார்?

மடிவையும் அப்படியே வருமான இழப்பாக மாற்றிவிட முடியாது. சீசெல்ஸின் உட்தீவுகளைச் சுற்றி 1998 வெளிறலுக்குப் பின் 90 விழுக்காட்டுக்கு மேல் உயிர்ப்பவளம் மடிந்தது. இருந்தும் கூடுவைத்துப் பிடிக்கும் மீனின் மொத்த அளவு சரியவில்லை. பவளம் போன இடத்தில் படர்ந்த பாசியை மேயும் ஓரா மீன் பெருகி, பிடிப்பு பெரிதும் அதனையே நம்பியதாயிற்று. சூழலியல் இழப்பும் பொருளியல் இழப்பும் ஒரே ஆண்டில் ஒரே அளவில் வருவதில்லை என்பதால், 'வெளிறல் பாதிப்பு' என்ற பொத்தாம்பொதுவான தொடரை நம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுகிறேன்.

ஆகவே வெளிறல், மடிவு ஆகியவற்றோடு, வெளிறிய பவளம் மீண்டும் நலம்பெறுவதைக் குறிக்க மூன்றாவதாக ஒரு சொல் தேவை. 'தேறல்' என்றால் கள்ளின் தெளிவு, 'தேற்றம்' என்றால் கணிதம் என்று அடுத்த மடலிலேயே யாராவது எழுதுவார்கள், 'மீட்சி' போதும்.

எஞ்சியிருப்பது வெப்ப அழுத்தத்தின் அலகு. வழக்கமான உச்சத்தை ஒரு பாகையேனும் தாண்டிய மிகைவெப்பத்தைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டிப் பெறும் அளவு அது. 4 ஆனால் குறிப்பிடத்தக்க வெளிறலும் 8 ஆனால் பரவலான வெளிறலோடு மடிவும் எதிர்பார்க்கப்படும். 'degree heating weeks' என்ற ஆங்கில மூலச்சொல்லை நேராகப் பெயர்த்த 'பாகை வெப்ப வாரங்கள்' கூட்டுதலைச் சொல்லவில்லை. 'திரள்வெப்ப வாரம்' என்று முன்மொழிகிறேன். 'திரள்' நிறையோடு குழம்பும் என்று இயற்பியல் அன்பர்கள் கருதினால் 'தொகைவெப்ப வாரம்' என்பதற்கும் எனக்கு இசைவே.