பழைய வில்லுப்பாட்டு கேசட்ட 4கே படம் மாதிரி தெளிவாக்க முடியுமா?

தக்கலை மழை:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில எடுத்த மணிச்சித்திரத்தாழ்ங்கிற மலையாளப் படம் 2024 ஆகஸ்ட்ல 4கே படத்தெளிவு, டால்பி அட்மாஸ் சத்தம்னு திரும்ப தியேட்டருக்கு வந்துச்சுல்லா, 1993 படம், சின்ன வயசுல டிவில மங்கலா பாத்தது, இப்போ அந்த மரவேலை எல்லாம் என்ன அழகா தெரியுது! அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. அப்பாக்க வில்லுப்பாட்டு கேசட் ஒரு பெட்டி நிறைய வீட்ல கிடக்கு. கோயில் கொடை விழாவுக்கு வந்த குழுக்கள அப்பாவே டேப் ரெக்கார்டர் வச்சு பிடிச்சது. இசக்கி கதை, சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை எல்லாம் உண்டு, பாடினவங்கள்ல பலரு இப்போ இல்ல. ஒரு கடையில ரெண்டு கேசட்ட குடுத்தேன், எம்பி3 ஆக்கி பென் டிரைவ்ல தந்தாங்க. குரல் தண்ணிக்குள்ள இருந்து வருத மாதிரி இருக்கு, உடுக்கை சத்தம் இருக்க இடமே தெரியல. ஏஐ வச்சு சரியாக்க முடியுமா? அட்மாஸ் எல்லாம் வேண்டாம், தெளிவா கேட்டா போதும்.

குழித்துறை ஆத்தங்கரை:
முதல்ல ஒண்ணு சொல்லுதேன். பழைய படம் 4கேல பளிச்சுன்னு இருக்கதுக்கு பெரிய காரணம் ஃபிலிம் தான். 35 எம்எம் நெகட்டிவ்ல அவ்வளவு விவரமும் எடுத்த அன்னைக்கே பதிஞ்சு கிடக்கும், நாம டிவிலயும் விசிடிலயும் பாத்தப்போ தான் அது தொலைஞ்சு போச்சு. இப்போ ஃபிலிம தேடி எடுத்து, தூசி துடைச்சு, ஒவ்வொரு ஃப்ரேமா ஸ்கேன் பண்ணி, கீறல நீக்கி, கலர் சரி பண்ணுதாங்க. 1964ல வந்த கர்ணனும் 2012ல டிஜிட்டல்ல சரி பண்ணி திரும்ப வந்து ஓடுச்சு. கெட்டுப்போன ஃபிலிம்ல இருந்து இவ்வளவு எடுக்க முடியாது. அசிடேட்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச ஃபிலிம் ஈரத்துலயும் சூட்டுலயும் கிடந்தா வினிகர் வாடை அடிச்சு சுருங்கிரும்.

அட்மாஸ் 2012ல வந்தது. ஒவ்வொரு சத்தத்தையும் தனியா எடுத்து தியேட்டருக்குள்ள எங்க வேணும்னாலும் வைக்கலாம், 128 டிராக் வரை போகும். உங்க கேசட்ல இருக்கது ஒரே மைக், பாட்டு, குடம், குழாய் ஸ்பீக்கர், வெடிச்சத்தம் எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கும். அதனால கேசட்ல இருந்து முதல்ல எப்படி எடுக்கிய என்கிறதுல தான் எல்லாம் இருக்கு.

குளச்சல் காத்து:
ஏஐ பத்தி கேட்டீங்கல்லா, நம்பிக்கையான ஒரு விஷயம் இருக்கு. பீட்டில்ஸ்ங்கிற இங்கிலாந்து பாட்டுக்குழுல இருந்த ஜான் லெனான் 1970கள் கடைசில வீட்ல பியானோ வாசிச்சு ஒரு சாதாரண கேசட்ல பாடி வச்சிருந்தாரு. 1990கள்ல மத்த பீட்டில்ஸ்காரங்க அத பாட்டாக்க பாத்து, பியானோவும் இரைச்சலும் குரல மூடுதுன்னு விட்டுட்டாங்க. அப்புறம் மெஷின் லேர்னிங்ங்கிற ஏஐ முறையில குரல மட்டும் தனியா பிரிச்செடுத்து 2023 நவம்பர்ல வெளியிட்டாங்க, 2025ல கிராமியும் கிடைச்சுது. கேசட்ட பத்திரமா வச்சிருந்ததால தான மக்கா அது நடந்துச்சு!

நம்ம பக்கம் 2024ல ஏ.ஆர். ரஹ்மான் லால் சலாம் படத்துல, இறந்துபோன பாடகருங்க பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல ஏஐல கொண்டு வந்தாரு, குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி பணமும் குடுத்து. அது புதுசா பாட வைக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம், அந்த பாட்டுகாரரு அன்னைக்கு ராத்திரி பாடினது அப்படியே தான் வேணும். இருக்க சத்தத்த பிரிக்கிற சாஃப்ட்வேர் மட்டும் பாருங்க, அதையும் காப்பில மட்டும் செய்யுங்க.

வடசேரி டேப்:
நான் ரேடியோ, டேப் ரிப்பேர் வேலை பாக்குதவன், கொஞ்சம் நீளமா எழுதுதேன் பொறுத்துக்கிடுங்க. அந்த கடை ஃபைல்ல உடுக்கையும் ஜால்ராவும் காணாம போக ரெண்டு காரணம் இருக்கும், ஒண்ணு இரைச்சல குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன அள்ளி போட்டிருப்பாங்க, இன்னொண்ணு எம்பி3ய ரொம்ப சின்ன சைஸ்ல அடிச்சிருப்பாங்க, ரெண்டுமே மேல் சத்தத்த தான் முதல்ல தின்னும். கேசட்ல அது இன்னும் இருக்கும், கவலைப்படாதீங்க.

கேசட்ட வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, டேப்ல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்சை, அத பிளேயர்ல போடாதீங்க, டேப்ப தொட்டு படிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நடுவுல சின்ன பஞ்சு பேட் இருக்கும், அது விழுந்திருந்தா சத்தம் அமுங்கும், வேற கேசட்டுல இருந்து எடுத்து ஒட்டலாம். நல்லதா இருக்கத ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி பின்னாடி சுத்துங்க, இறுக்கம் விடும். ஹெட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு துடைங்க. அப்புறம் ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், பாட்டு ஓடும்போதே அத பைய பைய திருப்புங்க, ஒரு இடத்துல உடுக்கை டக்குனு தெளியும் பாருங்க, அங்க நிறுத்துங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் இத செய்யணும், ஏன்னா பதிஞ்ச மிஷினும் உங்க மிஷினும் வேற வேற.

டேப் டெக்குக்க லைன் அவுட்ல, அதாவது சத்தம் வெளிய வர ஓட்டையில இருந்து, சத்தத்த கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்துத யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியா கம்ப்யூட்டருக்கு எடுங்க, மைக் ஓட்டையில குத்தாதீங்க, கரகரன்னு உடையும். பதிய ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர் போதும், இலவசம் தான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்னு வச்சு, எம்பி3 மாதிரி சுருக்காத வேவ் ஃபைலா எடுங்க. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி வரும், இன்னைக்கு அதெல்லாம் ஒரு இடமா! சத்தத்துக்க லெவல் மைனஸ் 6 டெசிபல் பக்கத்துல நிக்கட்டும், குடத்துல ஓங்கி தட்டும்போது தான் எகிறும், அந்த இடத்த வச்சு செட் பண்ணுங்க.

தக்கலை மழை:
ரொம்ப நன்றி அண்ணே. எடுத்து முடிச்ச பிறகு கேசட்ட என்ன செய்ய?

வடசேரி டேப்:
தூரப் போட்டுராதீங்க. காத்தோட்டமா, ஈரம் இல்லாத இடத்துல நட்டமா அடுக்கி வைங்க, ஸ்பீக்கர் பக்கத்துல வேண்டாம். வேவ் ஃபைல ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டு ஒண்ண சொந்தக்காரங்க வீட்ல குடுத்து வைங்க. அட்டையில அப்பா கையால எழுதின ஊரு, கோயில், வருஷம், குழு பேரு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க. எழுதாத கேசட்ட அப்பா இருந்தா அவரையே கேக்க வச்சு இன்ன கொடைன்னு இப்பவே குறிச்சுக்கிடுங்க.